கல்லில் யார் பெயர்?

காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் இரண்டு ஊசித் தூண்கள் நிற்கின்றன. ஒன்று கேப்டன் ஜேம்ஸ் ஹிஸ்லப்புக்கு, மற்றொன்று லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் பிரவுனுக்கு. 1781 ஆகஸ்ட் 27 அன்று ஹைதர் அலியின் படையோடு நடந்த சண்டையில் உயிரிழந்த, கிழக்கிந்தியக் கம்பெனித் தரப்பு அதிகாரிகள் இவர்கள்.

அதற்கு முந்தைய ஆண்டில் இதே வட்டாரம் இன்னும் பெரிய சாவைப் பார்த்தது. கர்னல் வில்லியம் பெய்லி குண்டூரிலிருந்து ஒரு படையோடு வந்துகொண்டிருந்தார். காஞ்சிபுரத்தில் முகாமிட்டிருந்த ஹெக்டர் மன்றோவோடு சேர்ந்துகொள்வது அவர் திட்டம். ஹைதரும் திப்புவும் அதற்குள் வழிமறித்துவிட்டார்கள். 1780 செப்டம்பர் 10 அன்று மைசூர் ராக்கெட்டுகளும் பீரங்கிகளும் பொழிய, வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதற, ஏறக்குறைய 3,800 பேர் கொண்ட அந்தப் படை அழிந்தது. அதில் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள். திப்பு தன் வெற்றியை ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரில் ஓவியமாகத் தீட்டவைத்தார். பெய்லிக்கும் அதே ஊரில் பிற்பாடு நினைவு மண்டபம் எழுந்தது. மாண்ட சிப்பாய்கள் எந்த ஊர்க்காரர்கள், யார் பெற்ற பிள்ளைகள் என்பதைப் புள்ளலூர்த் தூண்கள் சொல்வதில்லை. மைசூர்த் தரப்பில் விழுந்தவர்களைப் பற்றியும்தான்.

உலகம் முழுக்க அன்றைய வழக்கம் அதுதான். அதிகாரிக்குத் தனிக் கல், சிப்பாய்க்குப் பொதுக் குழி. இன்று நாம் பார்க்கும் ராணுவ நினைவுக் கல்லறைத் தோட்டத்தின் வடிவமைப்பு முழுவதுமே இந்த வழக்கத்தை உடைக்கப் பிறந்தது. அதன் ஒவ்வொரு அங்குலத்துக்கும் காரணம் உண்டு.

பார்க்க வெகுதூரம் போகவேண்டாம். காஞ்சிபுரத்திலிருந்து பூந்தமல்லி, போரூர் வழியாகக் கிண்டிக்குப் போகிறவர்கள் நந்தம்பாக்கத்தில் சென்னை வர்த்தக மையத்துக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புல்வெளியைக் கடந்திருப்பார்கள். அதுதான் மெட்ராஸ் போர்க் கல்லறைத் தோட்டம். தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் ஊர்க் கல்லறைகளிலும் கன்டோன்மென்ட் கல்லறைகளிலும் சிதறிக் கிடந்த இரண்டாம் உலகப் போர் வீரர்களின் கல்லறைகளை ஓரிடத்தில் சேர்த்துப் பராமரிக்க 1952-ல் இது அமைக்கப்பட்டது. 850-க்கும் மேற்பட்ட வீரர்கள் இங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். தோட்டத்தின் பின்புறம் இன்னொரு நினைவுச்சின்னம் இருக்கிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் இறந்து, இந்தியாவில் நிரந்தரமாகப் பராமரிக்க முடியாத கல்லறைகளில் கிடக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களை அது தாங்கி நிற்கிறது.

இந்தத் தோட்டங்களைக் கவனிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் கற்களைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கவேண்டும். வழக்கமான கல் 81 சென்டிமீட்டர் உயரம், 38 சென்டிமீட்டர் அகலம். தளபதியானாலும் சமையல்காரரானாலும் அளவு மாறாது. உச்சியில் படைப்பிரிவின் சின்னம், அதன்கீழ் எண், பதவி, பெயர், இறந்த தேதி, வயது. பிறகு அவரவர் மதக் குறி. அடியில் குடும்பத்தார் சொல்லியனுப்பிய ஒரு சிறு வாசகத்துக்கு மட்டும் இடம். கல்லின் தலை லேசாக வளைந்திருப்பது மழைநீர் தேங்காமல் வடிவதற்காக. வரிசை நூல் பிடித்ததுபோல நிற்பதற்குக் காரணம் பல இடங்களில் மண்ணுக்கடியில் மறைந்திருக்கும் கான்கிரீட் உத்தரம். கல்லடியில் செடி வைப்பதும் வெறும் அழகுக்காக அல்ல. மழை அடித்தால் சேறு தெறித்து எழுத்து மங்கிவிடும். செடி அதைத் தடுக்கிறது. பெயர் படிக்கும்படி இருக்கவேண்டும் என்பதற்காக இவ்வளவு பாடு.

இந்த ஒழுங்கு எளிதில் வந்துவிடவில்லை. முதல் உலகப் போரின் தொடக்கத்தில் வசதி படைத்த குடும்பங்கள் தங்கள் பிள்ளையின் உடலைப் பிரான்ஸிலிருந்து பிரிட்டனுக்குக் கொண்டுபோயின. 1915 ஏப்ரலில் முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டனின் பேரன் உடல் அப்படித்தான் ஊர் போய்ச் சேர்ந்தது. ஏழை வீட்டுப் பிள்ளை விழுந்த இடத்திலேயே கிடந்தான். இதைப் பொறுக்காமல் பாடுபட்டவர் ஃபேபியன் வேர். உடல்களை ஊருக்கு எடுத்துப்போகத் தடை வந்தது. 1917 மே 21-ல் ஆணையம் பிறந்தது. மறு ஆண்டு, பிரிட்டிஷ் அருங்காட்சியக இயக்குநர் ஃபிரடெரிக் கென்யன் தந்த அறிக்கைதான் எல்லோருக்கும் ஒரே கல் என்பதை விதியாக்கியது. மகனின் குழிமேல் தங்கள் விருப்பப்படி சிலுவை வைக்க முடியாத பெற்றோர் கொதித்தார்கள். 1920-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பெரிய விவாதமே நடந்தது. ஆணையம் அசையவில்லை. அடையாளம் தெரியாதவர்களின் கல்லில், இவர் யாரென்று கடவுள் அறிவார் என்ற பொருள்படும் வாசகத்தைத் தந்தவர் எழுத்தாளர் கிப்ளிங். அவருடைய மகனே 1915-ல் லூஸ் போர்க்களத்தில் காணாமல் போனவன்.

சாதி, மதம், பதவி, நிறம் பார்க்கமாட்டோம் என்பது அவர்கள் கொடுத்த வாக்கு. அது முழுதாகக் காப்பாற்றப்பட்டதா? இல்லை. 1929-ல் ஈராக்கின் பஸ்ரா நினைவுச்சின்னம் திறக்கப்பட்டபோது பிரிட்டிஷ் வீரர்களும் இந்திய அதிகாரிகளும் பெயரோடு இருந்தார்கள். மெசபடோமிய மணலில் செத்த இந்தியச் சிப்பாய்கள், படைப்பிரிவின் பெயருக்குக் கீழே, இத்தனை பேர் என்று ஒரு தொகையாக நின்றார்கள். 2021-ல் ஆணையமே தன் பழைய கணக்குகளைத் தோண்டி ஓர் அறிக்கை வெளியிட்டது. 45,000 முதல் 54,000 பேர் வரை சமமாக நடத்தப்படவில்லை. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்றது. இவர்களில் இந்தியர்கள், ஆப்பிரிக்கர்கள், எகிப்தியர்களே மிகுதி. பிரிட்டிஷ் அரசு மன்னிப்புக் கேட்டது. நூறு வருடம் தாமதம் என்றாலும், தவறைத் தேடி எடுத்துச் சொன்னதை மதிக்கத்தான் வேண்டும்.

நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இந்துக்களையும் சீக்கியர்களையும் எரிப்பார்கள். கல்லறை இருக்காது, அப்போது கல்லை எங்கே நடுவது? கோஹிமாவில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 1,420 கல்லறைகள் உள்ள அந்தத் தோட்டத்தின் மேட்டில், தகனம் செய்யப்பட்ட 917 பேரின் பெயர்களைத் தாங்கிய தனி நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது.

உடல் இல்லாவிட்டாலும் பெயருக்குக் கல் வைப்பது தமிழனுக்குப் புதிதல்ல. தகுந்த கல்லைத் தேடி எடுப்பது, நீராட்டுவது, பெயரும் பெருமையும் பொறித்து நடுவது, படையலிட்டு வாழ்த்துவது என்று நடுகல்லுக்கான படிநிலைகளைத் தொல்காப்பியம் வகுத்து வைத்திருக்கிறது. அந்தக் கற்களில் பெரும்பாலானவை அரசனுக்கு உரியவையும் அல்ல, ஊர் மாட்டு மந்தைக்காகச் செத்தவனுக்கு உரியவை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள நடுகல், காஞ்சியை ஆண்ட மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. மந்தைக்காக உயிர்விட்ட கருந்தேவக்கத்தியின் பெயரோடு, கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற நாயின் பெயரும் அதில் இருக்கிறது: கோவிவன். அதே மகேந்திரவர்மன் புள்ளலூரில் எதிரிகளை வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. அவன் காலத்தில் ஒரு நாய்க்குக் கிடைத்த மரியாதை, ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டு கழித்து அதே புள்ளலூரில் விழுந்த சிப்பாய்க்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

சுதந்திர இந்தியா தன் வீரர்களுக்குத் தேசிய நினைவிடம் கட்ட 2019 வரை காத்திருந்தது. டெல்லியில் இந்தியா கேட் அருகே அந்த ஆண்டு பிப்ரவரி 25-ல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தை வடிவமைத்தது சென்னைக்காரர்கள்தான். யோகேஷ் சந்திரஹாசன் தலைமையிலான வீபி டிசைன் லேப் நிறுவனம், உலக அளவிலான போட்டியில் வென்று அந்தப் பணியைப் பெற்றது. அது கல்லறைத் தோட்டமல்ல, யாரும் அங்கே புதைக்கப்படவில்லை. சக்கர வியூகத்தை நினைவூட்டும் நான்கு வட்டங்கள். நடுவில் அணையா விளக்கோடு ஒரு தூண். வெளிவட்டத்தில் காவலுக்கு நிற்பதுபோல மரங்கள். இடையில் உள்ள தியாக சக்கரத்தில் வளைந்து செல்லும் 16 சுவர்கள். ஒருவருக்கு ஒரு கிரானைட் கல் என்ற கணக்கில், திறந்தபோது 25,942 பெயர்கள் இருந்தன. 1987 நவம்பரில் இலங்கையில் உயிர்நீத்து பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் மார்பளவுச் சிலையும் அந்த வளாகத்தில் உண்டு. ஆனால் தியாக சக்கரச் சுவரில் அதிகாரியின் கல்லும் சிப்பாயின் கல்லும் ஒரே அளவு. கென்யன் எழுதியதும் நடுகல் நட்டவர்கள் செய்ததும் ஒன்றுசேர்ந்த இடம் அது.

முதல் உலகப் போரில் விட்டுப்போன பெயர்களைச் சேர்க்கும் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் கட்டணமின்றிப் பெயர் தேடலாம். தாத்தாவோ பூட்டனாரோ மெசபடோமியாவுக்குப் போனதாகச் சொல்லும் வீடுகளில் பெட்டியடியைப் பார்ப்பது நல்லது. அந்தப் போரின் வட்டப் பதக்கங்களில் பெயரும் எண்ணும் படைப்பிரிவும் முகப்பில் இருக்காது, விளிம்பில் பொடி எழுத்தில் வெட்டியிருக்கும். இறந்தவரின் குடும்பத்துக்கு 12 சென்டிமீட்டர் அகலத்தில் வெண்கல வட்டத் தகடு ஒன்றும் அனுப்பினார்கள். எல்லோரும் சமம் என்பதற்காக அதில் பதவியைப் போடாமல் பெயரை மட்டும் வார்த்திருப்பார்கள். பழைய பித்தளை என்று எடைக்குப் போட்டுவிடாமல், அந்த எழுத்துகளைப் படித்து ஆணையத்தின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர் அங்கே இல்லையென்றால் எழுதித் தெரிவிக்கலாம்.