தேர்டுக்கு இறக்கும் முன்

ஸ்போர்ட்டியான ஆட்டோமேட்டிக் கார் வாங்கிய தம்பிகளிடம் பொதுவாக ஒரு புகார் இருக்கும். "அண்ணே, கியர் ஏறும்போது தெரியவே மாட்டேங்குது. நான் பேடிலைத் தட்டி இறக்கினா மட்டும் வண்டி உலுக்குது." கடலூர் முதுநகரைத் தாண்டி ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியாகச் சிதம்பரம் வரை ஒருமுறை ஓட்டினால் புகார் இன்னும் பலமாகிவிடும். வெள்ளாற்றுப் பாலம், திடீர் வேகத்தடை, முன்னால் நின்று நின்று போகும் பஸ் என்று கியரை இறக்கச் சொல்லும் இடங்கள் அந்த வழியில் ஏராளம். டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். பெரும்பாலும் கியர்பாக்ஸில் குறை இருக்காது. நாம் கியர் கேட்கிற நேரம்தான் சரியில்லாமல் இருக்கும்.

உலுக்கல் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். உதாரணத்துக்கு, நாலாவது கியரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். அதே வேகத்தில் மூன்றாவது கியர் விழ வேண்டுமென்றால் எஞ்சின் ஏறக்குறைய 3,500 சுற்றுக்கு ஏறியாக வேண்டும். அந்தக் கூடுதல் ஆயிரம் சுற்றைக் கொடுக்க இரண்டே பேர்தான் உண்டு. எஞ்சினே கொஞ்சம் ரெய்ஸ் ஆகி ஏறிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் ஓடுகிற சக்கரங்கள் எஞ்சினைப் பிடித்து இழுத்து ஏற்ற வேண்டும். இரண்டாவது வழியில் வண்டியின் வேகம் சட்டென்று பிடுங்கப்படுகிறது. உங்கள் தலை முன்னால் போய் வருவது அதனால்தான்.

இது புதுப் பிரச்சினை இல்லை. கியர்களின் வேகத்தைத் தானே ஒத்துவைக்கும் சிங்க்ரோமெஷ் இல்லாத பழைய லேலண்ட் பஸ்களை ஓட்டிய டிரைவர்களைக் கேளுங்கள், 'டபுள் கிளட்ச்' என்பார்கள். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்சை விட்டு, ஆக்சிலேட்டரில் ஒரு ரெய்ஸ் கொடுத்து, மறுபடி கிளட்சை மிதித்துக் கீழ் கியரைப் போடுவார்கள். ரெய்ஸ் குறைந்தால் பற்சக்கரம் கறகறவென்று கத்தும். அளவு சரியாக இருந்தால், நின்றுகொண்டு வரும் பயணிக்குக் கியர் மாறியதே தெரியாது.

அந்த டிரைவரின் கால் செய்த வேலையை இன்று கம்ப்யூட்டர் செய்கிறது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் பேடில் வைத்த ஃபெராரி 640 கார், 1989 பிரேசில் பந்தயத்தில் நைஜல் மேன்செல் கையில் முதல் ஓட்டத்திலேயே ஜெயித்தது. 2003இல் ஃபோக்ஸ்வேகன் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸைச் சாலைக் காருக்குக் கொண்டுவந்தது. நம் ஊர்க் கணக்கில், இருங்காட்டுக்கோட்டையில் ஆலை வைத்திருக்கும் ஹூண்டாய் 2021இல் இறக்கிய ஐ20 என் லைனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் டர்போ எஞ்சின், ஏழு கியர், இரண்டு கிளட்ச். 1, 3, 5, 7 ஒரு கிளட்சின் பொறுப்பில். 2, 4, 6 மற்றதன் பொறுப்பில். நீங்கள் நாலாவதில் போய்க்கொண்டிருக்கும்போதே அடுத்துத் தேவைப்படும் என்று அது நினைக்கிற கியரைச் சும்மா இருக்கும் பக்கத்தில் கோத்து வைத்திருக்கும். மாற்றும் நேரத்தில் ஒரு கிளட்சை விட்டு இன்னொன்றைப் பிடித்தால் வேலை முடிந்தது.

அது 'நினைக்கிற' கியர் என்றேனே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ஆக்சிலேட்டரை அழுத்திக்கொண்டிருந்தால், அடுத்து அஞ்சாவதுதான் என்று அதைக் கோத்து வைத்திருக்கும். அந்த நொடியில் பேடிலைத் தட்டி மூன்றாவதைக் கேட்டால், கோத்ததை அவிழ்த்து வேறு கோக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு தட்டுத் தட்டி நாலிலிருந்து ரெண்டுக்குப் போகச் சொன்னால் இன்னும் கஷ்டம். இரண்டும் ஒரே கிளட்சின் பக்கம். நேராகத் தாவ முடியாமல் நடுவில் ஒரு சுற்று சுற்றித்தான் வர வேண்டும். பிரேக்கில் கால் வைத்துவிட்டால், ஓட்டுகிறவர் வேகத்தைக் குறைக்கிறார் என்று அதற்குப் புரிந்துவிடும். கீழ் கியரைத் தயாராக வைக்கும்.

ஆகவே வரிசை இதுதான். முதலில் பிரேக். வேகம் கணிசமாகக் குறைந்த பிறகு ஒரு தட்டு. டாக்கோமீட்டர் முள் ஏறி நிலைத்ததும், தேவையென்றால் இன்னொரு தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் ஒரு மூச்சு விடுங்கள். வேகம் குறைந்த பிறகு இறக்கினால் எஞ்சின் ஏற வேண்டிய சுற்றும் குறைவு, உலுக்கலும் குறைவு. எல்லாம் வளைவுக்கு முன்னால், சக்கரம் நேராக இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். சிதம்பரம் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். கீழவீதி மூலையில் திருப்புவதற்கு முன்பே கட்டை போட்டு ஓட்டத்தை அடக்கிவிடுவார்கள். திரும்பும்போது அடக்க நினைத்தால் தேர் கேட்காது, காரும் அப்படித்தான்.

பஸ்ஸை முந்தும்போது கதை வேறு. பலர் ஆக்சிலேட்டரை ஒரேயடியாக மிதிக்கிறார்கள். வண்டி ஒரு கணம் யோசித்து, இரண்டு கியர் இறங்கி, டர்போ காற்றையும் சேர்த்துக்கொண்டு திடீரென்று பாய்கிறது. அதற்குள் எதிரே லாரி வந்திருக்கும். முந்தலாம் என்று முடிவெடுத்ததும் பஸ்ஸுக்குப் பின்னால் இருக்கும்போதே ஒரு கியர் இறக்கி, ஆக்சிலேட்டரைச் சீராக அழுத்துங்கள். என் லைன் எஞ்சினின் முழு இழுவையான 172 நியூட்டன் மீட்டர் 1,500 சுற்றிலேயே தொடங்கி 4,000 வரை நிற்கிறது. முள் மூவாயிரத்தை ஒட்டி நின்றால் போதும். சிவப்புக் கோட்டைத் தொட வேண்டியதில்லை. அந்தக் கோட்டைத் தாண்டும்படியான கியரைக் கேட்டால் வண்டியே மறுத்துவிடும்.

ஐப்பசி கார்த்திகையில் இந்தச் சாலை நனைந்து கிடக்கும். தை மாதத்தில் சில இடங்களில் ரோட்டிலேயே நெல் காயும். இந்தக் கார்களில் எஞ்சின் இழுப்பது முன்சக்கரங்களை. ஈரத்தில் முரட்டுத்தனமாகக் கீழ் கியர் போட்டால் எஞ்சினின் தடுப்பு முழுவதும் அந்த இரண்டு டயர்மீது விழும். டயர் வழுக்கினால் ஸ்டியரிங்கும் கேட்காது. மழையில் பேடிலை மறந்து 'டி'யிலேயே விடுவது புத்திசாலித்தனம். இன்னொன்று: கியரை மட்டும் இறக்கி வேகத்தைக் குறைத்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரியாது. ஒட்டிக்கொண்டு வரும் பஸ்காரருக்கு நீங்கள் மெதுவாவதே தெரியாது. பிரேக்கை லேசாகத் தொட்டுவிட்டு இறக்குங்கள்.

சிதம்பரம் நாலு வீதி நெரிசலில் வேறு பாடம். நகர்ந்துகொண்டிருக்கும் வண்டியை முதல் கியருக்கு நீங்களாக இழுக்காதீர்கள். இருக்கிற உலுக்கலிலேயே பெரியது ரெண்டிலிருந்து ஒன்றுக்கு வருவதுதான். அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால் உலர் கிளட்ச் சூடேறும். முன்வண்டிக்கு இடைவெளி விட்டு நின்று, இடம் கிடைத்ததும் ஒரேயடியாக நகருங்கள்.

எல்லா ஆட்டோமேட்டிக்கும் ஒன்றல்ல. டார்க் கன்வர்ட்டர் பெட்டியில் எண்ணெய் நடுவில் நின்று உலுக்கலை ஓரளவு விழுங்கிவிடும். 2014இல் செலேரியோவோடு நமக்கு அறிமுகமான ஏஎம்டியில் இருப்பது ஒரே கிளட்ச். மாறும்போது இழுவை அறுந்து ஒட்டும் என்பதால் இன்னும் முன்கூட்டியே இறக்க வேண்டும். சிவிடியில் கியரே கிடையாது. பேடில் காட்டும் படிகள் கம்ப்யூட்டர் போட்ட கணக்கு.

பழகுவதற்கு அதிகாலையில், ஆளில்லாத நேரான சாலையே நல்லது. யாரையாவது பின்சீட்டில் உட்கார வையுங்கள். நாலிலிருந்து மூன்றுக்கு இறக்கும்போது அவர் கழுத்து ஆடவில்லையென்றால் பிடிபட்டுவிட்டது. ஆடினால், அடுத்த முறை பிரேக்கை ஒரு நொடி முந்திப் பிடியுங்கள், பேடிலை ஒரு நொடி பிந்தித் தட்டுங்கள்.