கொடுங்கையூருக்கும் ஒரு ஞாயிறு மாலை
அடுத்த தெரு நூலகம் – 9

சென்ற வாரம் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் ‘பொன்மாலைப் பொழுது’ பற்றி எழுதியிருந்தேன். எழுத்தாளர்களும் கலைஞர்களும் வந்து பேசுவார்கள், கட்டணம் கிடையாது, யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். கொடுங்கையூர்க்காரரும் போகலாம்தான். ஆனால் மூலக்கடையில் பஸ் ஏறி, ஊரை வடக்கிலிருந்து தெற்காகக் கடந்து போய், கூட்டம் முடிந்து திரும்பி வந்து எப்போது உலை வைப்பது? பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வரும் ஒரு பெண்ணால் ஆகிற காரியமா அது?

கூட்டம்தான் இங்கே வர வேண்டும். அதற்கு வழி புதிதாகத் தேட வேண்டியதில்லை. கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை, ஞாயிறு திறந்திருக்கும். வாசகர் வட்டம் என்ற ஏற்பாடும் நூலகத் துறையில் வெகுகாலமாக இருக்கிறது. அது உயிரோடு இருக்கிற நூலகங்களில் பத்திரிகை மேசையைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போடுவார்கள். பேப்பர் பார்க்க வந்த பெரியவர், தினத்தந்தியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுவார். புத்தகத்தைப் படித்துவிட்டு வந்தவர்கள் பாதிப் பேர் இருந்தாலே அதிகம். மற்றவர்கள் கேட்க வந்தவர்கள். அவர்களில் இரண்டு பேர் போகும்போது அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் போனால், கூட்டம் நன்றாக நடந்தது என்று பொருள்.

இதை இலவசம் என்று சொல்லவே எனக்கு மனமில்லை. விடுதலைக்குப் பிறகு நாட்டில் வந்த முதல் பொது நூலகச் சட்டம், 1948-இல் வந்த நம் மதராஸ் சட்டம்தான். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் பல ஆண்டுகள் பாடுபட்டதன் பலன் அது. அந்தச் சட்டப்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலிக்கிறார்கள். முத்தமிழ் நகரில் ஓரறை வாடகைக்கு இருப்பவரும் வாடகையோடு சேர்த்து அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். கட்டிய காசுக்கான கூட்டம் இது.

சின்ன அறையில் நடக்கும் பேச்சால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்குப் பக்கத்துப் பெரம்பூரையே காட்டலாம். நூறு வருஷத்துக்கு முன்பு அங்கே வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்று ஒன்று இருந்தது. செல்வபதி செட்டியார், ராமாநுஜலு நாயுடு என்ற இரு வணிகர்கள் நடத்தியது. பக்திச் சொற்பொழிவு கேட்க பின்னி மில் தொழிலாளிகள் வருவார்கள். சொற்பொழிவு முடிந்ததும் மில்லில் வேலை நேரம், அடி உதை, அவமானம் என்று பேச்சு திரும்பும். திரு.வி.க. அங்கே வந்து பேசினார். 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் அது. சொற்பொழிவு கேட்கக் கூடியவர்களால் வந்தது.

கொடுங்கையூரில் பேச விஷயத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு குடியிருப்புக்கு முத்தமிழ் என்றும் இன்னொன்றுக்குக் கவியரசு கண்ணதாசன் என்றும் பெயர் வைத்த ஊர் இது. கரன் கார்க்கியும் பாக்கியம் சங்கரும் இந்த வடசென்னையை எழுதியவர்கள், அவர்கள் புத்தகங்களிலிருந்து தொடங்கலாம். ஒரு ஞாயிறு கானாவுக்கு, பறைக்கு.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்கு ஒதுக்கச் சொல்வேன். அங்கே குப்பை எரிஉலை வேண்டாம் என்று 2025 மே மாதம் மக்கள் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். இப்படிப்பட்ட திட்டங்களின் சுற்றுச்சூழல் அறிக்கைகள் ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கான பக்கம் நீளும். புகையைச் சுவாசிக்கப் போகிறவர்களால் அதைத் தனியாக உட்கார்ந்து படிக்க முடியாது. ஒரு கல்லூரி மாணவி பக்கம் பக்கமாகத் தமிழில் சொல்ல, மற்றவர்கள் குறுக்கிட்டுக் கேள்வி கேட்க, நான்கு வாரத்தில் முடித்துவிடலாம். எனக்கு அதைவிட முக்கியமான நூல் விமர்சனக் கூட்டம் எதுவும் தோன்றவில்லை.

ஆனால் பல கிளை நூலகங்களில் ஒரே ஒரு நூலகர்தான். புத்தகம் கொடுப்பதும் வாங்குவதும் பதிவேடு எழுதுவதும் அவரே. கூட்டத்தையும் அவர் தலையில் கட்டிவிட்டு, மைக்குக்கும் டீக்கும் அவர் கைக்காசைப் போட வைப்பது அநியாயம். பேச வருகிறவரின் போக்குவரத்துச் செலவையும் சேர்த்து, மாதத்துக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு கிளைக்கும் நூலக வரியிலிருந்தே ஒதுக்க வேண்டும். வாசகர் வட்டத்தில் சேர்ந்து நாற்காலி போடும் வேலையை நாம் பார்த்துக்கொள்ளலாம்.

(தொடரும்)