விசில் அடிக்காதீங்க, இது தியேட்டர்!

உள்ளே காலெடுத்து வைத்ததும் எங்களுக்குச் சொல்லப்பட்ட முதல் விதி, யாரும் விசில் அடிக்கக் கூடாது என்பதுதான்.

தியேட்டரில் விசில் அடிக்கக் கூடாதா! மதுரையில் முதல் நாள் முதல் காட்சிக்கு வரிசையில் நின்று வளர்ந்தவள் நான். பட்டாசுச் சத்தமும் விசிலும் இல்லாத தியேட்டரை நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் இது லண்டன் வெஸ்ட் எண்டில் ஒரு பழைய நாடக அரங்கம், அதுவும் அதன் பின்வாசல். முன்பக்கம் விளக்கும் விளம்பரமுமாக ஜொலிக்கும் கட்டடத்துக்குப் பின்னால் குப்பைத் தொட்டிகள் நிற்கும் ஒரு சந்து. மங்கலாக ஒரு பல்பு. அதற்குக் கீழே ‘ஸ்டேஜ் டோர்’ என்று சின்னதாக ஒரு பலகை. நடிகர்களும் மேடைப் பணியாளர்களும் மட்டுமே புழங்கும் அந்தக் கதவு அன்றைக்கு எங்களுக்காகத் திறந்தது. பதினோரு மாணவர்கள், ஒரு டீச்சர். எனக்கு முந்தின இரவிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை.

விசிலுக்கு ஏன் தடை? மேலே சீன்களைக் கட்டித் தொங்கவிட்ட கயிறுகளை இழுக்க அந்தக் காலத்தில் மாலுமிகளை வேலைக்கு வைத்தார்களாம். கப்பலில் பழகியபடி அவர்கள் விசிலால்தான் சைகை காட்டிக்கொள்வார்கள். கீழே நின்று நீங்கள் சும்மா ஒரு விசில் அடித்தால், தலைமேல் ஒரு அரண்மனையே இறங்கிவிடும். நாடகக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை இது. அன்றைக்கு எங்களை அழைத்துப்போன ஸ்டேஜ் மேனேஜர் பெண்மணியும் அதைச் சொல்லிவிட்டு, சட்டென்று மேலே ஒருமுறை பார்த்துக்கொண்டார்!

என் வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிழக்கு லண்டனில் வயதுவந்தவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு. வருகைப் பதிவேட்டிலும் கழுத்தில் தொங்கும் அட்டையிலும் வகுப்பின் பெயர் ‘பிகினர்ஸ்’. அலெப்போவில் முப்பது வருடம் தையற்கடை நடத்திய ஒருவர் அதில் இருக்கிறார். ருமேனியாவிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளி ஒருவர் இருக்கிறார். யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், எழுபதைத் தாண்டியவர், மகள் வீட்டில் இருக்கிறார். அவரவர் ஊரில் அவரவர் பெரிய கைகாரர்கள். இங்கே வந்து ‘பிகினர்’ என்ற அட்டையை மாட்டிக்கொள்வது அவர்களுக்கு எப்படி இருக்கும் என்று எட்டு மாதமாக எனக்கு ஓர் உறுத்தல்.

தியேட்டருக்குப் போகிறோம் என்று அறிவித்த அன்று நடந்ததைக் கேளுங்கள். யாழ்ப்பாணத்து அம்மா கேட்டார், “பிள்ளை, என்ன படம் ஓடுது அங்கை?” தையற்காரர் முகமோ வெளிறிப்போனது. அவருக்குத் தெரிந்த ஒரே தியேட்டர், மனைவிக்கு அறுவை சிகிச்சை என்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கடிதத்தில் இருந்த தியேட்டர்.

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். அதைக் கண்ணால் காட்டிவிட வேண்டும் என்று, ஒரு வாரம் முன்பே எல்லோரையும் லண்டன் பிரிட்ஜ் பக்கம் கூட்டிப்போனேன். அங்கே ஒரு பழைய தேவாலயத்தின் பரண்மேல், 1822-இல் அமைத்த ஆபரேஷன் தியேட்டர் இன்றைக்கும் அருங்காட்சியகமாக இருக்கிறது. நடுவில் ஒரு மரமேசை. அதைச் சுற்றி அரைவட்டமாக, படிப்படியாக உயரும் மரத்தட்டுகள். மயக்க மருந்து இல்லாத காலத்தில் டாக்டர் மேசையில் அறுக்க, மாணவர்கள் தட்டுகளில் நெருக்கியடித்து நின்று பார்ப்பார்கள். தியேட்டர் என்றால் பார்க்கும் இடம். தையற்காரர் கடைசித் தட்டில் ஏறி நின்று, கீழே மேசையைப் பார்த்து, மெதுவாகத் தலையாட்டினார்.

அங்கிருந்து பொடிநடையாகப் போனால் தேம்ஸ் கரையில் ஷேக்ஸ்பியரின் குளோப். இப்போது நிற்பது அமெரிக்க நடிகர் சாம் வானமேக்கர் பல வருடம் அலைந்து எழுப்பியது. 1997-இல் அது திறக்கப்பட்டபோது பார்க்க அவர் உயிரோடு இல்லை. அசல் குளோப் 1599-இல் கட்டப்பட்டு, 1613-இல் ‘எட்டாம் ஹென்றி’ நாடகத்தின்போது பீரங்கி வெடித்த பொறி கூரை வேய்ச்சலில் பிடித்து எரிந்துபோனது. ஒருவருடைய கால்சட்டையில் தீப்பற்ற, அதைப் புட்டியிலிருந்த பீரை ஊற்றி அணைத்தார்கள். இறந்தகால வினைகளை நடத்த இதைவிட நல்ல பாடம் வேண்டுமா! எரிந்தது, ஓடினார்கள், ஊற்றினார்கள். பாடப் புத்தகத்தில் மூன்று வாரம் மல்லுக்கட்டியும் வாய்க்குள் ஏறாத வினைகளைக் குளோப் வாசலில் பத்தே நிமிடத்தில் பதினோரு பேரும் சொன்னார்கள்.

சரி, பின்வாசலுக்கு வருவோம். இருட்டான நடை, குறுகலான மாடிப்படி, பெயின்ட் வாசம். ஒரு திருப்பத்தில் சட்டென்று, மேடை! நாங்கள் பக்கவாட்டில் நின்றோம். அந்த இடத்துக்கு ‘விங்ஸ்’ என்று பெயர். தலைக்கு மேலே இருட்டாக உயர்ந்துகொண்டே போகும் இடம் ‘ஃப்ளைஸ்’. எல்லோரும் கையிலிருந்த செல்போனில் அர்த்தம் தேடினார்கள். இறக்கை என்றது. ஈக்கள் என்றது! எதிரே, பார்வையாளர் உட்காரும் இடம் ‘ஹவுஸ்’. நம்மூர் தியேட்டரில் மாட்டும் ஹவுஸ்ஃபுல் போர்டில் இருப்பதும் இதே ஹவுஸ்தான் என்று சொன்னதும் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். உச்சாணியில் இருக்கும் மலிவு இருக்கைகளுக்கு ‘காட்ஸ்’ என்று பெயர், சாமிகளுக்குப் பக்கத்தில் இருப்பதால். ‘அயர்ன்’ என்றால் இங்கே துணி தேய்ப்பது இல்லை. தீப்பிடித்தால் மேடையையும் ஜனங்களையும் பிரிக்க இறங்கும் பாதுகாப்புத் திரை. 1887-இல் எக்ஸிட்டர் நகரத்து தியேட்டர் எரிந்து 186 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்த நாட்டில் அரங்கப் பாதுகாப்பு விதிகள் இறுகின.

அகராதி கைவிட்ட இடத்தில் கைகள் உதவின. ஃப்ளைஸிலிருந்து இறங்கும் கயிறுகள் சுவரோரமாக வரிசையாக வந்தன. ஒவ்வொன்றின் மறுமுனையிலும் இரும்பு எடைகள் அடுக்கியிருந்தன. ஆள் உயரத்தைத் தாண்டிய, கனமான ஒரு சுவர் சீனை, ஸ்டேஜ் மேனேஜர் சைகை காட்ட, மெலிந்த ஒரு பையன் ஒரே கயிற்றைப் பிடித்து மேலே அனுப்பினான். மூச்சுகூட வாங்கவில்லை. “இது எங்கட வீட்டுக் கிணத்துத் துலாவெல்லோ!” என்று அம்மா கூவிவிட்டார். அதேநேரம் பக்கத்தில் நின்ற ருமேனியாக்காரர் இரண்டு கைகளாலும் எதையோ இழுத்து இறக்கும் பாவனை செய்தார். அவர் ஊரிலும் கிணற்றுக்குத் துலா உண்டு! ஒரு முனையில் வாளி, மறுமுனையில் பாரம். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. அம்மா இழுத்துக் காட்ட, அவர் பாரத்தைக் காட்ட, மேலே கீழே, மேலே கீழே என்று இல்லாத தண்ணீரை இரண்டு பேரும் சேர்ந்து இறைத்தார்கள். ‘அப்’, ‘டவுன்’, ‘ஹெவி’, ‘பேலன்ஸ்’ என்று நான்கு வார்த்தைகளை அந்தக் கிணற்றிலிருந்து மொண்டோம்.

மேடைமேல் நடக்கவும் விட்டார்கள். ‘அப் ஸ்டேஜ்’ என்றால் பார்வையாளரை விட்டுப் பின்னால் போவது, ‘டவுன் ஸ்டேஜ்’ என்றால் அவர்களை நோக்கி வருவது. பழைய மேடைகள் பின்பக்கம் உயர்ந்து முன்பக்கம் சரிந்திருக்கும் என்பதால் வந்த வழக்கு. இது சுலபமாக ஏறியது. இடது வலதில்தான் குழப்பம். ‘ஸ்டேஜ் லெஃப்ட்’ என்பது நடிகரின் இடது, பார்ப்பவருக்கு வலது. அம்மா மட்டும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தார். நான் தமிழில் கேட்டேன், “அம்மா, அர்த்தநாரீஸ்வரர்ல அம்மன் எந்தப் பக்கம்?” அவர் நின்றார். “சாமிக்கு இடப்பக்கம். எங்களுக்கு வலப்பக்கம்.” சொல்லி முடித்த கணமே மேடையின் இடப்பக்கத்துக்குப் போய் நின்றார். அதற்கப்புறம் ஒருமுறைகூடத் தவறவில்லை.

உடை அறையில் தையற்காரர் தொலைந்துபோனார். ஒரு கோட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். முன்னால் சட்டை, அதன்மேல் வெயிஸ்ட்கோட், டை, கோட்டு என்று நான்கு உடுப்பு. ஆனால் நான்கும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்த ஒரே உடுப்பு! பொத்தான்கள் வெறும் அலங்காரம். முதுகுப்பக்கம் கழுத்திலிருந்து இடுப்புவரை வெல்க்ரோ. இருட்டில் சில நொடிக்குள் நடிகர் கைகளை நுழைக்க, பின்னாலிருந்து உடை உதவியாளர் அப்பி ஒட்டிவிடுவார். தையற்காரர் அந்த வெல்க்ரோவின் ஓரத்தையலை விரலால் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. இழுப்பு அதிகம் விழும் அக்குள் பகுதி. இரட்டைத் தையல் போட்டிருந்தார்கள். “குட்,” என்றார். கொஞ்சம் யோசித்து, “வெரி ஸ்ட்ராங்,” என்றார். வகுப்பில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்பவர், அன்றைக்கு அங்கிருந்த பெண்ணிடம் தானாகக் கேள்வி கேட்டார். எத்தனை நிமிடம்? யார் துவைப்பார்? துவைக்க முடியாத உடுப்புகளுக்கு வியர்வை வாடை போக வோட்காவில் தண்ணீர் கலந்து தெளிப்பார்கள் என்று அந்தப் பெண் சொல்ல, அறையே சிரித்தது.

மாடத்தில் இருந்த பெரிய விளக்கைக் காட்டி ‘லைம்லைட்’ கதையைச் சொன்னேன். மின்விளக்கு வருவதற்கு முன்னால், ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் கலந்த சுவாலையை ஒரு சுண்ணாம்புக் கட்டிமேல் பாய்ச்சுவார்கள். அது கண்கூசும் வெண்மையில் ஒளிரும். 1837-இல் கோவென்ட் கார்டன் அரங்கில் அந்த வெளிச்சம் விழுந்தது. “வெத்திலைக்குப் பூசுற சுண்ணாம்போ!” என்றார் அம்மா. பிறகு குரல் தாழ்ந்தது. “நான் சின்னப் பிள்ளையா இருக்கேக்கை வைரமுத்துவின்ர அரிச்சந்திரா பாத்தனான். கோயில் திருவிழாவிலை, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்திலை, விடிய விடிய. மயான காண்டம் வரேக்கை ஒருத்தரும் எழும்பேல்லை.” அவர் சொன்னது காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்துவை. தியேட்டர் என்றதும் என்ன படம் என்று கேட்டவர், தியேட்டருக்குள் இத்தனை நாள் குடியிருந்தவர் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஓரமாக ஒரு சின்ன மேசை. ‘ப்ராம்ப்ட் கார்னர்’. அங்கே உட்காருபவர்தான் நாடகம் முழுவதையும் ஓட்டுபவர். முன்னால் தடித்த ஒரு புத்தகம். ஒவ்வொரு வசனத்துக்கும் எதிரே எந்த விளக்கு, எந்த ஒலி, எந்த சீன் என்று பென்சிலில் எழுதியிருக்கும். சிவப்பு விளக்கு எரிந்தால் ‘ஸ்டாண்ட் பை’. பச்சை எரிந்தால் ‘கோ’. வேலை நேரத்தில் அந்த மேசையில் ‘கோ’ என்ற சொல்லைப் பேச்சுவாக்கில் சொல்ல மாட்டார்கள். சொன்னால் ஏதாவது நகர்ந்துவிடும்! ஐ கோ, யூ கோ என்று என் மாணவர்கள் முதல் நாள் கற்ற வினை அது. இங்கே அந்த ஓரசைக்கு ஒரு மலை நகரும், சூரியன் உதிக்கும். எல்லோரும் அந்தப் பச்சை விளக்கை ஒரு பிரசாதத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

இரண்டரை மணிக்கு மேட்னி. எங்களுக்கும் டிக்கெட் உண்டு. அதுவரை கிரீன் ரூமில் உட்காரச் சொன்னார்கள். அதன் சுவரில் பச்சை நிறமே இல்லை. ஒலிபெருக்கியில் அறிவிப்புகள் வந்துகொண்டிருந்தன. ஒன்று ஐம்பத்தைந்துக்கு ‘ஹாஃப்’ என்றது. மணி பார்க்கப் பழகியவர்கள் கடிகாரத்தைப் பார்த்து விரல்விட்டு எண்ணினார்கள். இன்னும் முப்பத்தைந்து நிமிடம் இருக்கிறதே! இரண்டு பத்துக்கு ‘குவார்ட்டர்’. இரண்டு இருபதுக்கு ‘ஃபைவ்’. எல்லாமே ஐந்து நிமிடம் முந்தி ஓடுகிறது. ஏனென்றால் திரை தூக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பே, முதல் காட்சியில் வருபவர்கள் மேடையோரம் நின்றாக வேண்டும். நான் இதை விளக்கிக்கொண்டிருக்கும்போதே மணி இரண்டு இருபத்தைந்து. ஒலிபெருக்கி சொன்னது:

“ஆக்ட் ஒன் பிகினர்ஸ், டு தி ஸ்டேஜ் ப்ளீஸ்.”

பதினோரு பேரும் எழுந்துவிட்டார்கள்.

தையற்காரர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். தங்கள் பெயரைச் சொல்லித்தானே கூப்பிட்டார்கள்! நாடகத்தைத் தொடங்கிவைப்பவர்களுக்கு அரங்கத்தில் அதுதான் பெயர் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். எத்தனை வருட அனுபவமுள்ள நடிகரும் முதல் காட்சியில் வந்தால் அவர் பிகினர்தான். ஸ்டேஜ் மேனேஜர் கதவருகே நின்று எங்களைப் பார்த்தார். ஒரு கணம் புரியாமல் நின்றவர், கழுத்து அட்டைகளைப் படித்தார். பிறகு உதட்டில் விரலை வைத்து, வாருங்கள் என்று தலையசைத்தார்.

விங்ஸின் இருட்டில் வரிசையாக நின்றோம். திரை மூடியிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஹவுஸ் நிறைந்திருந்தது; நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் தணிந்த குரலில் பேசும் முணுமுணுப்பு, கடல் இரைவதைப்போல. உண்மையான நடிகர்கள் எங்களைக் கடந்து மேடைக்குப் போனார்கள். அதில் ஒருவர் கண்சிமிட்டினார். அரை நிமிடம்தான் இருந்திருப்போம். மேடைப்பக்கத்தையும் ஜனங்கள் பக்கத்தையும் பிரிக்கும் ‘பாஸ் டோர்’ வழியாக எங்களை விரசாக வெளியேற்றி, இருக்கையில் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

விளக்குகள் மங்கத் தொடங்கின. எனக்குப் பக்கத்தில் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். உதடுகள் அசைந்தன. “ஸ்டாண்ட் பை…” என்றார், தனக்குள்ளேயே. முழு இருட்டு. ஒரு மூச்சு நேரம்.

“கோ.”

திரை எழுந்தது.