மூக்கே சாட்சி... காற்றுக்குக் கணக்கு எழுதிய கடலூர் கிராமங்கள்!

திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஏறிச் சிதம்பரம் போயிருக்கிறீர்களா? முதுநகரைத் தாண்டிச் சில நிமிடங்களில் ஜன்னலோரத்தில் இருப்பவர்கள் ஒவ்வொருவராக மூக்கைப் பொத்துவார்கள். ஒருவர் கைக்குட்டையைத் தேடுவார், இன்னொருவர் முந்தானையை இழுத்துக்கொள்வார். `சிப்காட் வந்துடுச்சு' என்று யாராவது சொல்வார்கள். கொஞ்ச நேரத்தில் நாற்றம் பின்னால் போய்விடும். எல்லோரும் பழையபடி செல்போனில் மூழ்கிவிடுவார்கள்.

பஸ் நகர்ந்துவிடுகிறது. ஆனால், குடிகாடு, ஈச்சங்காடு, காரைக்காடு, செம்மங்குப்பம், சங்கொலிக்குப்பம் போன்ற ஊர்கள் நகர முடியாதே! ஒரு பக்கம் சாலை, மறுபக்கம் உப்பனாறு, நடுவே ரசாயனத் தொழிற்சாலைகள். 1980-களில் தொடங்கிய இந்தத் தொழிற்பேட்டையைச் சுற்றித்தான் விவசாயிகளும் மீனவர்களும் கூலித் தொழிலாளர்களும் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள்.

காற்றும் தண்ணீரும் கெட்டுவிட்டதாக ஆரம்பம் முதலே இவர்கள் சொல்லிவந்தார்கள். கேட்கத்தான் ஆள் இல்லை. அவர்களது பேச்சு எப்படி ஆதாரமாக மாறியது என்பது, தமிழ்நாட்டில் எந்த ஊருக்கும் பயன்படக்கூடிய கதை.

நாற்றத்தை எப்படி நிரூபிப்பது?

கிணற்று நீர் கெட்டால் பாட்டிலில் பிடித்துக் காட்டலாம். ஆற்றில் மீன் செத்தால் அள்ளிக் காட்டலாம். காற்றை என்ன செய்வது? ராத்திரி பதினொரு மணிக்குக் குழந்தை இருமத் தொடங்குகிறது, பெரியவர்களுக்குக் கண் எரிகிறது. மறுநாள் புகார் கொடுத்து, அதிகாரி வந்து பார்க்கும்போது காற்று திசை மாறியிருக்கும். `இப்போ ஒண்ணும் இல்லையே' என்று சொன்னால் விஷயம் அத்தோடு முடிந்தது.

1998-ல் ஓய்வுபெற்ற நீதிபதி ஜே.கனகராஜ் தலைமையில் இந்திய மக்கள் தீர்ப்பாயம் இங்கே விசாரணை நடத்தியது. மாசுபடுத்தும் தொழிற்சாலைகளை இனி இங்கே அனுமதிக்கக் கூடாது என்றும் பரிந்துரைத்தது. அது அரசு நீதிமன்றம் அல்ல என்பதால், அந்தப் பரிந்துரை யாரையும் கட்டுப்படுத்தவில்லை.

வாசனைக்கு ஒரு நோட்டு

அடுத்த சில ஆண்டுகளில், சுற்றுச்சூழல் ஆர்வலர்களின் துணையோடு கிராமத்து ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஒரு கண்காணிப்புக் குழுவை அமைத்தார்கள். `சிப்காட் பகுதி சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள்' என்று அதற்குப் பெயர். விஞ்ஞானப் பட்டம் எதுவும் இல்லாத அவர்களின் முதல் கருவி மூக்கு, இரண்டாவது கருவி ஒரு நோட்டு.

என்ன தேதி, எத்தனை மணி, காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது, என்ன வாசனை, உடம்புக்கு என்ன செய்தது என ஒவ்வொன்றையும் எழுதினார்கள். `நாற்றம்' என்று பொதுவாக எழுதினால் போதாது. அழுகிய முட்டைக்கோஸா, நகப்பூச்சா, கெட்ட முட்டையா என்று பிரித்துச் சொல்லப் பழகினார்கள். கெட்ட முட்டை வாசனை என்றால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு இருக்கலாம். வாசனையும் காற்றின் திசையும் சேர்ந்தால், எந்தப் பக்கத்து ஆலையைப் பார்க்க வேண்டும் என்று ஊகிக்க முடியும்.

கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் கரையேறியதாகச் சொல்லப்படும் மண் இது. அரசனுக்கும் அஞ்சாத அவர் கையில் இருந்தது ஒரு உழவாரம் மட்டும்தான். இந்த ஊர்க்காரர்கள் கையில் இருந்தது ஒரு நோட்டு.

வாளியில் பிடித்த காற்று

2004-ல் நோட்டோடு வாளியும் சேர்ந்தது. 1990-களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் பக்கத்தில் வாழ்ந்த மக்களுக்காக உருவான எளிய முறை இது. மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளி. அதற்குள் ரசாயனம் ஒட்டாத ஒரு விசேஷப் பை. சிறிய பம்ப் மூலம் வாளிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்தால், வெளிக்காற்று குழாய் வழியாகப் பைக்குள் புகுந்துகொள்ளும். நாற்றம் அடிக்கும் அந்த நேரத்திலேயே சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். பிறகு பையை இறுக மூடி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியதுதான்.

கிராமத்தினர் பிடித்த மாதிரிகள் அமெரிக்க ஆய்வகத்துக்குப் போயின. 2004 செப்டம்பரில் முடிவு வெளியானபோது, அந்தக் காற்றில் 22 நச்சு வாயுக்கள் இருப்பது தெரிந்தது. அவற்றில் 8 புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை.

சில நிமிடக் காற்றை வைத்து வருஷம் முழுவதையும் எடைபோட முடியாது என்பது உண்மை. ஆனால், `ஒன்றும் இல்லை' என்ற பதிலை இனி யாரும் சொல்ல முடியாது என்பதும் உண்மை. இன்னொரு ஓட்டையும் வெளிச்சத்துக்கு வந்தது. இவற்றில் பெரும்பாலான வாயுக்களுக்கு, வெளிக்காற்றில் இவ்வளவுதான் இருக்கலாம் என்ற வரம்பே அன்று இந்தியாவில் இல்லை. 2009 நவம்பரில் தேசியக் காற்றுத் தர விதிகள் திருத்தப்பட்டபோதுதான் பென்சீன் பட்டியலில் சேர்ந்தது. மொத்தம் 12 மாசுகளுக்கே அதில் வரம்பு உண்டு.

அரசு ஆய்வும் அதையே சொன்னது

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காக `நீரி' எனப்படும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய ஆய்வு, 2008-ல் செய்தியானது. இங்கு வாழ்பவர்களுக்குப் புற்றுநோய் வரும் அபாயம், ஏற்கத்தக்க அளவைவிடக் குறைந்தது 2,000 மடங்கு அதிகம் என்றது அது. எல்லோருக்கும் நோய் வரும் என்று இதற்கு அர்த்தமில்லை. வாழ்நாள் முழுக்க இதே காற்றைச் சுவாசித்தால் என்னவாகும் என்ற கணிப்பு இது.

2009 டிசம்பரில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளுக்கு மாசு மதிப்பெண் போட்டது. 70-ஐத் தாண்டினால் `மிக மோசம்'. கடலூர் வாங்கியது 77.45! புதிய தொழிற்சாலைகளுக்கும் விரிவாக்கத்துக்கும் தற்காலிகத் தடை வந்தது. பின்னர் அது விலக்கிக்கொள்ளப்பட்டது.

வேலையா, மூச்சா?

`தொழிற்சாலை இல்லாவிட்டால் சோறு ஏது?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். இந்த ஊர்களிலிருந்தே பலர் அந்த ஆலைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். ஆனால், விபத்து நடந்தால் முதலில் அடிபடுவதும் அந்தத் தொழிலாளர்கள்தான். 2021 மே 13-ம் தேதி இங்குள்ள பூச்சிமருந்து ஆலை ஒன்றில் பாய்லர் வெடித்து 4 பேர் இறந்தார்கள். 2025 மே மாதம் குடிகாட்டில் சாய ஆலைக் கழிவுநீர்த் தொட்டி உடைந்து, வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. பலர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது.

ஆலையிலிருந்து வரும் லாபமும் பொருளும் எங்கெங்கோ போகின்றன. கழிவும் கசிவும் மட்டும் பக்கத்து ஊரில் தங்கிவிடுகின்றன. பாதுகாப்பாக நடத்தினால், வேலையும் மூச்சும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. ஆலை பாதுகாப்பாக நடக்கிறதா என்று பார்த்துச் சொல்ல, அங்கேயே வாழ்கிறவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

உங்கள் ஊரிலும் செய்யலாம்

ஆலைப் புகையோ குப்பைமேட்டு எரிப்போ, உங்கள் பகுதியில் தொல்லை இருந்தால் இவற்றைச் செய்யுங்கள்.

* ஒரு நோட்டு போடுங்கள். தேதி, நேரம், காற்றின் திசை, வாசனை, உடல் தொல்லை ஆகியவற்றை அன்றன்றே எழுதுங்கள். போட்டோ, வீடியோ எடுத்தால் தேதியோடு சேமியுங்கள்.

* தனியாக எழுதாதீர்கள். ஒரே நேரத்தில் நான்கு வீடுகள் எழுதிய குறிப்புக்கு மதிப்பு அதிகம்.

* மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம்.

* நடவடிக்கை என்ன ஆயிற்று என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

* எதற்கும் அசையவில்லை என்றால், சென்னையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. அங்கே உங்கள் நோட்டும் பேசும்.

கடலூர்க் கிராமங்களுக்கு இன்னும் சுத்தமான காற்று முழுசாகக் கிடைத்துவிடவில்லை. ஆனால், காற்றில் கரைந்துபோய்க்கொண்டிருந்த அவர்களது புகார், இன்று காகிதத்தில் இருக்கிறது. அதை யாராலும் ஊதித் தள்ள முடியாது!