தென்னை காட்டிய சிவப்பு

கொச்சியின் மட்டாஞ்சேரியில் பழைய கிடங்கு ஒன்றின் மாடியேறி நின்றால், ஓட்டுக் கூரைகளுக்கு நடுவே அங்கங்கே தென்னந்தலைகள் தெரியும். கொப்பரையும் தேங்காயெண்ணெயும் கைமாறிய ஊர் இது. இந்தியாவில், மேலிருந்து படமெடுத்து நிலத்தை அறியும் தொலையுணர்வு முதலில் கண் திறந்ததும் தென்னையைப் பார்த்துத்தான்.

கொச்சிக்குத் தெற்கே, காயங்குளம் பக்கத்துத் தோப்புகளில் ஒரு நோய். மலையாளிகள் ‘காற்றுவீழ்ச்ச’ என்பார்கள். நம் பக்கம் கேரள வாடல் நோய். மரம் சட்டென்று சாகாது. ஓலையின் கீற்றுகள் விலா எலும்பு மாதிரி உள்வளைந்து தொய்யும், காய்ப்பு குறைந்துகொண்டே போகும். மருந்தும் கிடையாது. எத்தனை மரத்தை அண்ணாந்து பார்ப்பது? 1970-ஐ ஒட்டி, சி.வி. ராமனிடம் பயின்ற வானிலை அறிஞர் பி.ஆர். பிஷாரடியின் முயற்சியில், ஹெலிகாப்டரில் ஹாசல்பிளாட் கேமராவோடு போய்த் தோப்புகளை மேலிருந்து படமெடுத்தார்கள். உள்ளே இருந்தது அகச்சிவப்புப் படச்சுருள்.

அந்தச் சுருளின் பூர்வீகம் போர்க்களம். பச்சை வண்ணமடித்து மறைத்த தளவாடத்தை நிஜச் செடியிலிருந்து பிரித்துக் காட்ட, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வந்தது. இலை சிவப்பு ஒளியைச் சமையலுக்கு எடுத்துக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பையோ, உள்ளிருக்கும் பஞ்சு போன்ற திசுவில் சிதறடித்துப் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. படத்தில் அது சிவப்பாக விழும். நல்ல மரம் குங்குமமாகச் சிவக்க, நொந்த மரம் வெளிறும்.

இன்றைய தாவர வரைபடத்துக்கும் அடிப்படை இலையின் இதே குணம்தான். அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். ஓர் இலை அகச்சிவப்பில் 50 சதவீதமும் சிவப்பில் 5 சதவீதமும் திருப்பினால் விடை 0.82. வாடிய இலைக்கு இது இறங்கும். 1988 மார்ச் 17-இல் ஐ.ஆர்.எஸ்-1ஏ விண்ணுக்கு ஏறியதிலிருந்து நம் சொந்தச் செயற்கைக்கோள்களும் இந்த வேலையைச் செய்கின்றன. தென்மேற்குப் பருவமழையின் மேகம் மூடினால் மட்டும் ரேடாரை நம்ப வேண்டியதுதான்.

ஆனால் மட்டாஞ்சேரி லேசில் பிடிகொடுக்காது. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு கட்டம் 10 மீட்டர். அதற்குள் பாதி ஓடு, ஒரு தென்னை, சந்து, யாரோ காயப்போட்ட வேட்டி எல்லாம் கலந்து ஒரே எண்ணாகிவிடும். அதனால் வரைபடக்காரர் ஜி.பி.எஸ். கருவியோடு நேரில் போயே ஆகவேண்டும். ஆவணியில் மேகம் விலகியதும் எடுத்த படத்தில் ‘செடி’ என்று வந்த கட்டத்தைத் தேடிப் போனால், மழையில் பாசி பிடித்த கூரை நிற்கலாம். கணினியைக் குறை சொல்லவும் முடியாது; பாசியிலும் இருப்பது பச்சையம்தானே!