குதிரைத்திறனுக்கு முன் பிரேக் ஆயில்

கை மாறி வந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியவர் முதலில் எதற்குச் செலவு செய்கிறார்? பெரும்பாலும் கண்ணுக்கும் காதுக்கும் தெரிகிற சங்கதிகளுக்குத்தான். பெரிய அலாய் வீல், உறுமுகிற சைலன்சர், எஞ்சினின் கணினியில் இருக்கும் கணக்குகளைத் திருத்தி எழுதும் ரீமேப். டயர், பிரேக் ஆயில், சஸ்பென்ஷன் புஷ் ஆகியவற்றின் முறை கடைசியில் வருகிறது. சில வண்டிகளில் வருவதே இல்லை. இந்த வரிசை தலைகீழாக வேண்டும். பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய மாற்றம், அது தொழிற்சாலையிலிருந்து இறங்கியபோது எப்படி ஓடியதோ அந்த நிலைக்கு அதைத் திருப்பிக் கொண்டுவருவதுதான். அதன் பிறகும் தேவைப்படுகிற மாற்றங்கள் வெகு சில, அவையும் சிறியவை.

நம் ஊரில் ஸ்போர்ட்ஸ் கார் என்ற பெயரில் கை மாறுபவை பெரும்பாலும் கோடி ரூபாய் வண்டிகள் அல்ல. 2013-இல் வந்த ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, 2015-இல் வந்த 145 குதிரைத்திறன் கொண்ட ஃபியட் அபார்த் புன்டோ, 2017-இல் வந்த பலேனோ ஆர்எஸ் போன்ற, குடும்பக் காரின் உடம்பில் வேகமான எஞ்சின் வைத்த சிறிய வண்டிகளே அதிகம். இவற்றில் எதுவும் இப்போது புதிதாகக் கிடைப்பதில்லை. பழையதாகத்தான் வாங்க முடியும். வாங்குகிறவர்கள் விடுமுறை நாளில் தேடிப் போவதும் பந்தயத் தடத்தை அல்ல, மலைச்சாலையைத்தான். கூட்டம் மிகுந்த ஏற்காட்டையும் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலையையும் அடுத்து, கல்வராயன் மலையும் பலர் கண்ணில் படுகிறது. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக மலை ஏறினால் வெள்ளிமலை. அந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், ஒரு காருக்கு எது முதலில் வேண்டும் என்ற கேள்விக்கு விடை தானே கிடைக்கும்.

பள்ளிக்கூட இயற்பியலே போதும். மலையிலிருந்து 500 மீட்டர் உயரம் கீழே இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அந்த இறக்கத்தில் கார் இழக்கும் நிலை ஆற்றல், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் அதே காரை முழுதாக நிறுத்தும்போது பிரேக்குகள் விழுங்கும் ஆற்றலைப்போல ஏறத்தாழ 13 மடங்கு. காரின் எடை என்னவாக இருந்தாலும் இந்த விகிதம் மாறாது. இதில் ஒரு பகுதியைக் காற்றும் எஞ்சினும் வாங்கிக்கொள்ளும். மிச்சம் அத்தனையும் நான்கு சக்கரங்களின் பிரேக்கில் வெப்பமாக இறங்குகிறது. அடுத்து வளைவு. 12 மீட்டர் ஆரமுள்ள ஒரு திருப்பத்தில், நல்ல டயரும் காய்ந்த சாலையும் சேர்ந்து 0.8 என்ற உராய்வுக் கெழுவைத் தந்தால், கார் சறுக்காமல் திரும்பக்கூடிய உச்ச வேகம் மணிக்கு சுமார் 35 கிலோமீட்டர். தேய்ந்த டயரும் மழையும் சேர்ந்து அந்த உராய்வுக் கெழுவைப் பாதியாக்கினால், உச்ச வேகம் 25 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும். இந்த இரண்டு கணக்கிலும் குதிரைத்திறன் என்ற எண்ணுக்கு இடமே இல்லை. 100 குதிரைத்திறன் காருக்கும் 300 குதிரைத்திறன் காருக்கும் அந்த வளைவு ஒரே வரம்பைத்தான் விதிக்கிறது.

பிரேக் ஆயில் கெட்டுப்போனதைப் பார்த்தவுடன் சொல்லிவிட முடியாது. அதனாலேயே அது கவனிக்கப்படாமல் போகிறது. நம் கார்களில் பரவலாகப் பயன்படும் டாட் 4 வகை ஆயில், புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஆனால் அது காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும் திரவம். 3.7 சதவீதம் நீர் கலந்த பிறகு அதே ஆயிலுக்கு விதி எதிர்பார்க்கும் கொதிநிலை வெறும் 155 டிகிரி. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிஸ்க்கின் சூடு காலிப்பர் வழியாக ஆயிலுக்கு ஏறும். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவி நிற்கும். திரவத்தை அழுத்தினால் அது சுருங்காது, ஆவி சுருங்கும். அந்தக் கணத்தில் பெடல் எதிர்ப்பே இல்லாமல் தரைவரை போய்விடுகிறது. சமவெளியில் நாள் முழுக்க நன்றாகப் பிரேக் பிடித்த அதே கார்தான் இது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய இந்த ஆயிலை முந்தைய உரிமையாளர் எப்போது மாற்றினார் என்பதற்குச் சீட்டு இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். பிரேக் பேடு, டிஸ்க்கின் தடிமன், காலிப்பர் பின் சிக்காமல் நகர்கிறதா என்பதையும் அதே நாளில் பார்த்துவிடலாம்.

டயர் விஷயத்தில் ஏமாறுவது இன்னும் எளிது. அதிகம் ஓட்டப்படாத ஸ்போர்ட்ஸ் காரில் டயரின் பட்டன் ஆழமாகவே இருக்கும். ரப்பர் மட்டும் வயதாகி இறுகியிருக்கும். டயரின் பக்கவாட்டில் குனிந்து பார்த்தால், டாட் என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் வரிசையின் கடைசியில் நான்கு இலக்கங்கள் தெரியும். 2317 என்று இருந்தால் அது 2017-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்யப்பட்ட டயர். தேய்மானத்தைக் காட்டும் 1.6 மில்லிமீட்டர் மேடுகளை அது இன்னும் எட்டாமல் இருந்தாலும், மலையில் நம்பத்தக்கதல்ல. டயருக்குப் பின்னால் ஒளிந்திருப்பவை ரப்பர் புஷ்கள், பால் ஜாயிண்ட், ஷாக் அப்சார்பர், எஞ்சின் மவுண்ட். இவை ஒரே நாளில் உடைவதில்லை. ஆண்டுக்குக் கொஞ்சமாகத் தளர்கின்றன. ஓட்டுகிறவரும் அதற்கேற்பப் பழகிவிடுவதால் வித்தியாசம் தெரிவதில்லை. மேடு பள்ளத்தில் கடகடவென்ற சத்தம், பிரேக் போட்டால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுப்பது, வளைவில் வண்டி ஒரு நொடி தயங்கித் திரும்புவது ஆகியவை அதன் அடையாளங்கள். புது புஷ் போட்டு வீல் அலைன்மென்ட் செய்து எடுத்த பிறகுதான் அந்தக் கார் எப்படித் திரும்ப வேண்டியது என்பதே தெரியவரும். ஏறும்போது இன்னொரு சோதனை காத்திருக்கிறது. எஞ்சினுக்கு முழுச் சுமை, ஆனால் வேகம் குறைவு என்பதால் ரேடியேட்டருக்குள் போகும் காற்றும் குறைவு. அதிலும் டர்போ எஞ்சினின் வெப்பம் தனி ரகம். வயதான கூலண்ட் ஹோஸ், சோர்ந்துபோன ரேடியேட்டர் ஃபேன், நாள் கடந்த எஞ்சின் ஆயில் எல்லாம் தங்கள் குறையைக் காட்டுவது இந்த ஏற்றத்தில்தான்.

இதெல்லாம் வெறும் சர்வீஸ். ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவன் வேகத்துக்குத்தானே ஆசைப்பட்டான் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குத் தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது. பந்தயக் கார் கட்டுவதில் பல ஆண்டு அனுபவம் உள்ள கோவையின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடா மோட்டார்ஸும் சேர்ந்து உருவாக்கிய டியாகோ ஜேடிபி 2018 அக்டோபரில் வந்தது. சாதாரண டியாகோவின் 85 குதிரைத்திறனுக்குப் பதில் 114 குதிரைத்திறன் தரும் டர்போ எஞ்சின், அகலமான டயர், இறுக்கமான சஸ்பென்ஷன். ஆனால் அந்தப் பொறியாளர்கள் காரின் தரை இடைவெளியைக் குறைத்தது எவ்வளவு தெரியுமா? 170 மில்லிமீட்டரிலிருந்து 166-க்கு. வெறும் நான்கு மில்லிமீட்டர். டாடா நெக்ஸானில் 170 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தந்த அதே எஞ்சின் குடும்பம், இந்தச் சிறிய காரில் 150-உடன் நிறுத்திக்கொள்ளப்பட்டது. கையில் எல்லா வசதியும் உள்ளவர்கள் ஒரு மாற்றத்தைச் செய்யும்போது எஞ்சினை மட்டும் தொடுவதில்லை. டயர், ஸ்பிரிங், கியர் விகிதம் எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று பொருத்திப் பார்த்து, எங்கே நிறுத்த வேண்டும் என்றும் முடிவு செய்கிறார்கள். பட்டறையில் ஸ்பிரிங்கை வெட்டி இரண்டு அங்குலம் இறக்கிய கார், வேகத்தடையிலும் குழியிலும் அடிதட்டுவதோடு நிற்பதில்லை. சக்கரம் மேலே எழும்ப இடமில்லாமல் வளைவில் பிடிமானத்தையும் இழக்கிறது.

ரீமேப் பற்றியும் ஒரு வாதம் உண்டு. டர்போ எஞ்சினில் எந்தப் பாகத்தையும் மாற்றாமல், மென்பொருளை மட்டும் திருத்தி, குறைந்த செலவில் நிறைய சக்தி பெறலாம் என்பார்கள். எண்ணளவில் அது பொய்யில்லை. போலோ ஜிடி டிஎஸ்ஐ-யின் எஞ்சின் தருவது 175 நியூட்டன் மீட்டர். அதோடு வந்த ஏழு கியர் டிஎஸ்ஜி பெட்டி தாங்கக்கூடிய வரம்பு 250. நடுவில் இடம் இருக்கிறது. ஆனால் அந்த வரம்பு புதுப் பெட்டிக்குச் சொல்லப்பட்டது. பத்து ஆண்டு நகர நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து தேய்ந்த உலர் கிளட்சுக்கு அந்த எண் பொருந்தும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். கிளட்ச், ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், இன்டர்கூலர் ஹோஸ் ஆகியவை நல்ல நிலையில் இருப்பதை உறுதி செய்யாமல் சக்தியைக் கூட்டுவது, விரிசல் விட்ட சுவர் மேல் மாடி எழுப்புவதுதான். அவற்றை எல்லாம் சரிசெய்த பிறகு, இழந்திருந்த இழுவை தானாகத் திரும்பி வருவதைப் பார்த்து, ரீமேப் தேவையில்லை என்று முடிவுக்கு வருகிறவர்களும் இருப்பார்கள்.

சட்டத்தையும் ஒதுக்கிவிட முடியாது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. இதை அப்படியே பொருள் கொள்ள வேண்டும் என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று தண்டனையும் வகுத்திருக்கிறது. எல்லோரும் செய்கிறார்கள், யார் பிடிக்கிறார்கள் என்று சொல்பவர்கள் நினைவில் வைக்க வேண்டியது போலீஸை அல்ல, காப்பீட்டு நிறுவனத்தை. விபத்துக்குப் பிறகு வரும் சர்வேயர், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் கண்டால், இழப்பீடு நிறுத்தப்பட அதுவே காரணமாகலாம். சைலன்சர் விஷயத்தில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. வெள்ளிமலைச் சாலை வார இறுதி வேகத்துக்காகப் போட்டதல்ல. மலைவாழ் மக்களின் பேருந்தும் பைக்கும் மரவள்ளி ஏற்றிய வண்டியும் ஆடு மாடும் பள்ளிப் பிள்ளைகளும் போகும் வழி அது. அங்கே ஒலியாலும் வேகத்தாலும் கெத்துக் காட்டுவது ஊர்க்காரர்களின் வீதியில் போய்ச் சண்டித்தனம் செய்வதற்குச் சமம். வேகத்தின் எல்லையைத் தொட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்குக் கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயும், சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடமும் இருக்கின்றன.

கடைசியாகப் பணக் கணக்கு. பழைய காருக்கு இவ்வளவு செலவழித்தால் விற்கும்போது திரும்ப வருமா? வராது. ஆனால் பெரிய அலாய்க்கும் சைலன்சருக்கும் போட்ட பணமும் திரும்ப வராது. பல சமயம் வாங்க வருகிறவர் அதைக் காட்டியே விலையைக் குறைப்பார். புதுப்பிக்கும் செலவை வாங்கிய பிறகு வரும் தண்டமாகப் பார்க்காமல், வாங்கும் விலையின் ஒரு பகுதியாகவே பார்க்க வேண்டும். கையில் பத்து ரூபாய் இருந்தால் எட்டு ரூபாய் வண்டியைத்தான் தேட வேண்டும். மீதி இரண்டு, முதல் மாதத்தில் பட்டறைக்குப் போகும். பேரம் படியும் முன்பே மெக்கானிக்கிடம் காட்டி, லிஃப்ட்டில் ஏற்றி அடிப்பக்கம் பார்த்து, ஸ்கேனர் போட்டுப் பிழைக் குறிகளைப் படித்துவிட்டால், அந்த இரண்டு ரூபாயில் ஒரு பங்கை விற்பவரிடமே குறைத்துக் கேட்கலாம். உற்பத்தி நின்றுபோன கார் என்றால் உதிரிபாகம் எந்த ஊரில், எத்தனை நாளில் கிடைக்கும் என்பதையும் அப்போதே விசாரிக்க வேண்டும். வெள்ளிமலையில் நின்றுபோன காரைச் சேலத்துக்கோ கோவைக்கோ இழுத்துக்கொண்டு போவது, மாற்ற வேண்டிய பாகத்தைவிட அதிகச் செலவு வைக்கும்.

புதுப்பித்து முடித்த பிறகு மாற்றங்களுக்கு இடமே இல்லையா? இருக்கிறது. தயாரிப்பாளர் அனுமதித்த அளவுக்குள் நல்ல ரக டயர், வெப்பம் தாங்கும் தரமான பிரேக் பேடு, மஞ்சளாகிப்போன முகப்பு விளக்கின் கண்ணாடியைத் தேய்த்துத் தெளிவாக்குவது, தேய்ந்த ஸ்டியரிங் உறையையும் தொய்ந்த இருக்கையையும் சரிசெய்வது. இவை எதுவும் ஆர்.சி. புத்தகத்தில் எழுதியுள்ளதற்கு முரணாவதில்லை. இவற்றோடு சில மாதம் ஓட்டிப் பார்த்த பின்பும் ஒரு குறை தென்பட்டால், எந்த வளைவில், எந்தச் சூழலில் என்று குறிப்பாகச் சொல்ல முடிந்தால், அதை மட்டும் தீர்க்கிற மாற்றத்தைச் செய்யலாம். குறையைச் சொல்லத் தெரியாமல் செய்கிற மாற்றத்தால் பயனடைவது பாகம் விற்கிற கடைக்காரர் மட்டுமே.