பக்கத்து சீட்டில் ஒரு மேதை!

ஆபீஸில் உங்கள் பக்கத்து சீட்டுக்கு ஒரு மேதை வந்து உட்காருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களைவிட வயசில் சின்னவர். ஒரு வருஷம் ஜூனியர். ஆனால், வந்த முதல் நாளே மானேஜர் எழுந்து வந்து கைகுலுக்குகிறார். போட்டோ எடுக்கிறார்கள். போகிற போக்கில் உங்கள் முதுகிலும் ஒரு தட்டு - "நீயும் நல்லாத்தாம்ப்பா வேலை செய்யறே!"

என்ன செய்வீர்கள்?

வழக்கமாக இரண்டு வழி. ஒன்று, கேன்டீனில் உட்கார்ந்து புலம்பலாம். இரண்டு, டிரான்ஸ்ஃபர் கேட்டு எழுதிப் போடலாம். மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்த மனுஷரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெயர், லியோன் டிரைஸைட்டில். ஊர், ஜெர்மனியின் கொலோன் நகரம். தொழில், கனடாவில் ஐஸ் ஹாக்கி ஆடுவது.

ஐஸை ஜூஸ் டம்ளரில் பார்த்ததோடு சரி என்பவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். கோல்கீப்பரையும் சேர்த்து அணிக்கு 6 பேர். பந்து கிடையாது, 3 அங்குல விட்டமுள்ள கனத்த ரப்பர் வட்டு. காலில் கத்தி மாதிரி ஸ்கேட். முன்வரிசை ஆட்டக்காரர் முக்கால் நிமிஷம் பேய் மாதிரி ஓடிவிட்டு பெஞ்சில் வந்து விழுவார், அடுத்தவர் இறங்குவார். இப்படி 20 நிமிஷ வீதம் மூன்று பாகம்.

பி.காம். படித்த எனக்கு இந்த ஆட்டத்தில் ரொம்பப் பிடித்தது அதன் கணக்கு எழுதும் முறை. கோல் போட்டால் 1 பாயின்ட். அந்த கோலுக்கு பாஸ் கொடுத்தாலும் அதே 1 பாயின்ட்! அடித்தவனுக்கும் கொடுத்தவனுக்கும் லெட்ஜரில் ஒரே மதிப்பு. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அப்பாவின் கோடு

லியோனின் கதை அவர் பிறப்பதற்கு முன்பே ஆரம்பிக்கிறது. 1992 குளிர்கால ஒலிம்பிக்ஸ். காலிறுதியில் ஜெர்மனியும் கனடாவும் 3-3 என்று சமம். கூடுதல் நேரத்திலும் முடிவில்லை. ஷூட்-அவுட். கடைசியில், அடித்தே ஆகவேண்டும் என்ற நிலையில் வந்து நின்றவர் பீட்டர் டிரைஸைட்டில் - லியோனின் அப்பா.

அடித்தார். கனடா கோல்கீப்பர் ஷான் பர்க்கின் கால்களைத் தாண்டி வட்டு மெதுவாக உருண்டது... உருண்டது... கோல் கோட்டின் மேல் போய்ப் படுத்துக்கொண்டது! முழுசாகக் கோட்டைத் தாண்டினால்தான் கோல். தாண்டவில்லை. ஜெர்மனி அவுட். ஒரு மனுஷரின் ஆயுசுக்கும் எதிரே வருகிறவரெல்லாம் விசாரிக்கிற அளவுக்கு அந்தச் சில அங்குலம் பிரபலம்.

மூன்று வருஷம் கழித்து, 1995 அக்டோபரில் லியோன் பிறந்தார். கால்பந்தே கதி என்று கிடக்கும் தேசத்தில் ஐஸ் ஹாக்கி மட்டையைத் தூக்கினார். மான்ஹைம் நகரில் ஜூனியர் ஆட்டம், 2012-ல் கனடா, 2014-ல் வட அமெரிக்காவின் பெரிய லீகான என்.ஹெச்.எல். அந்த வருஷத் தேர்வில் மூன்றாவது ஆளாக அவரைக் கொத்திக்கொண்டு போனது எட்மன்டன் ஆயிலர்ஸ் அணி.

பையன் ஜெயித்துவிட்டான் என்று நினைக்கிறீர்களா? இருங்கள். முதல் சீஸனில் 37 ஆட்டம். வெறும் 2 கோல். 2015 ஜனவரியில், "தம்பி, நீ இன்னும் கொஞ்ச நாள் ஜூனியரிலேயே ஆடிட்டு வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆபீஸர் சீட்டில் உட்காரவைத்து, மூணு மாசத்தில் மறுபடி டைப்பிஸ்ட் சீட்டுக்கு அனுப்புகிற மாதிரி!

இங்கேதான் ஆள் யார் என்று தெரிந்தது. கெலோனா ராக்கெட்ஸ் என்ற ஜூனியர் அணிக்குப் போனார். அந்த அணி லீக் பட்டத்தை ஜெயித்தது, தொடரின் சிறந்த ஆட்டக்காரர் இவர். அடுத்து மெமோரியல் கப். இறுதி ஆட்டத்தில் கெலோனா தோற்றது. அப்போதும் சிறந்த ஆட்டக்காரர் இவர்தான். அடுத்த சீஸனில் மறுபடி கீழ்மட்ட லீகில் ஆரம்பிக்கச் சொன்னார்கள். முனகாமல் போனார். சில ஆட்டங்களிலேயே மேலே கூப்பிட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் அனுப்பவில்லை.

வந்தார் மெக்டேவிட்

ஆனால், திரும்பி வந்தபோது பக்கத்து சீட்டில் அந்த மேதை உட்கார்ந்திருந்தார். கானர் மெக்டேவிட். 2015 தேர்வில் முதல் ஆள். லியோனைவிட ஒரு வயது இளையவர். இந்தத் தலைமுறையின் மிக வேகமான ஸ்கேட்டர். அடுத்த வருஷமே, 19 வயதில், அணியின் கேப்டன்!

2017-ல் இருவருக்கும் 8 வருஷ ஒப்பந்தம். மெக்டேவிட்டுக்கு மொத்தம் 10 கோடி டாலர். வருஷத்துக்கு 1 கோடியே 25 லட்சம். லியோனுக்கு மொத்தம் 6 கோடியே 80 லட்சம். வருஷத்துக்கு 85 லட்சம். அதுவே ஜாஸ்தி என்று சில பேர் முணுமுணுத்தார்கள். 'மெக்டேவிட் பக்கத்தில் நின்றால் யாருக்கும் பாயின்ட் வரும்' என்பது வாதம். இரண்டாவது இடத்தில் இருப்பவர்கள் எல்லோரும் கேட்டுப் பழகிய வசனம்தான்.

லியோன் பதில் சொல்லவில்லை. மட்டையைத் திருப்பி, அதன் பின்பக்கத்தால் பாஸ் கொடுக்கக் கற்றவர்களில் அவருக்கு இணை சொல்வது கஷ்டம். கோல் கோட்டுக்குப் பக்கத்தில், இடமே இல்லாத கோணத்தில் நின்றுகொண்டு, வருகிற வட்டை நிறுத்தாமல் அப்படியே அடிப்பது அவருடைய இன்னொரு கைவரிசை. அப்பாவின் வட்டு நின்றுபோன கோட்டுக்குப் பக்கத்திலேயே மகன் தன் கடையை விரித்துக்கொண்டார்.

2018-19 சீஸனில் 50 கோல். அடுத்த சீஸனில் சில மாதங்கள் மெக்டேவிட்டின் வரிசையை விட்டு, தனி வரிசையை நடத்தினார். கொரோனாவால் சீஸன் பாதியில் நின்றபோது லெட்ஜரைப் பார்த்தார்கள்: லியோன் 71 ஆட்டத்தில் 43 கோல், 67 பாஸ் - மொத்தம் 110 பாயின்ட். இரண்டாவது இடம், 97 பாயின்ட்டுடன் மெக்டேவிட்! லீகின் மிக மதிப்புள்ள ஆட்டக்காரருக்கான ஹார்ட் டிராஃபி முதல் தடவையாக ஒரு ஜெர்மானியரிடம் போனது. 2020-ன் சிறந்த விளையாட்டு வீரர் என்று ஜெர்மனியும் அவரைத் தேர்ந்தெடுத்தது. ஐஸ் ஹாக்கி ஆளுக்கு அந்தப் பட்டம் அதுதான் முதல் தடவை.

ஒற்றைக் காலில்

புள்ளிவிவரம் போகட்டும். 2022 பிளே-ஆஃப் ஆட்டங்களில் வலது கணுக்கால் பிசகிவிட்டது. நம்மைப் போன்றவர்கள் மெடிக்கல் லீவ் போடும் சமாசாரம். லியோன் கிட்டத்தட்ட ஒற்றைக் காலில் ஆடினார். கால்கரி அணிக்கெதிரான 5 ஆட்டத்தில் 17 பாயின்ட், பெரும்பாலும் பாஸ். ஓட முடியாதபோது நின்ற இடத்திலிருந்து கொடுத்தார், அவ்வளவுதான்.

இத்தனைக்கும் பிறகு கோப்பை? அதுதான் இல்லை. 2024 ஸ்டான்லி கப் இறுதியில் ஃப்ளோரிடாவிடம் 0-3 என்று பின்தங்கி, 3-3 என்று சமன் செய்து, ஏழாவது ஆட்டத்தில் 2-1 என்று தோற்றார்கள். அந்தத் தொடரில் லியோனுக்கு ஒரு கோல்கூட இல்லை. 2025-ல் மறுபடி இறுதி, மறுபடி ஃப்ளோரிடா. இந்தத் தடவை கூடுதல் நேரத்தில் இரண்டு ஆட்டங்களை அவரே ஜெயித்துக் கொடுத்தார். ஒரே பிளே-ஆஃபில் கூடுதல் நேர கோல் 4 - புது ரெக்கார்டு. ஆனாலும் 6 ஆட்டத்தில் தொடர் போயிற்று.

விதியின் நக்கலைப் பாருங்கள். 1996-ல் இதே ஃப்ளோரிடாவுக்கு எதிராக மூன்றாவது கூடுதல் நேரத்தில் கோல் அடித்து, கொலராடோவுக்கு இதே ஸ்டான்லி கப்பை வாங்கித் தந்தவர் ஊவே க்ரூப். அவரும் ஜெர்மானியர், அதுவும் இதே கொலோன்காரர்! அன்றைக்கு லியோன் எட்டு மாசம்கூட நிரம்பாத கைக்குழந்தை.

லெட்ஜர் டாலி ஆன கதை

வேறு ஊருக்குப் போயிருந்தால் தானே ராஜாவாக இருந்திருக்கலாமே? 2024 செப்டம்பரில் அந்த வாய்ப்புக்கு ஒரு வருஷம்தான் பாக்கி இருந்தது. அதற்குள் எட்மன்டனிலேயே இன்னும் 8 வருஷம் என்று கையெழுத்துப் போட்டார். மொத்தம் 11 கோடியே 20 லட்சம் டாலர். வருஷத்துக்கு 1 கோடியே 40 லட்சம்! 2025 அக்டோபரில் மெக்டேவிட்டும் கையெழுத்துப் போட்டார், இன்னும் 2 வருஷத்துக்கு. சம்பளம்? பழைய அதே 1 கோடியே 25 லட்சம். பக்கத்து சீட்டு மேதையைவிட நம்மாளுக்கு 15 லட்சம் டாலர் ஜாஸ்தி. மேதை அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை; அணிக்கு நல்ல ஆட்களைச் சேர்க்கப் பணம் மிஞ்சட்டும் என்று விட்டுவிட்டார். அவரும் ஒரு பாஸ் கொடுத்தார் என்றுதான் சொல்லவேண்டும்.

"எங்க ஆபீஸ் லெட்ஜர்ல பாஸ் குடுத்தா பாயின்ட் கிடையாதே சார்..." என்பீர்கள். வாஸ்தவம்தான். அந்த லெட்ஜரிலும் உடனே வரவு வைத்துவிடவில்லை. இவருக்கு டாலி ஆவதற்கே 8 வருஷம் ஆயிற்று. கோப்பை என்ற பத்தி இன்னும் காலி.

ஆனாலும் அவர் எட்மன்டனில்தான் இருக்கிறார். பக்கத்து சீட்டை முறைத்துக்கொண்டு அல்ல. வட்டு அங்கிருந்து எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டு!